வாசம் தெரியாத வீடு

பாம்பன் பழைய ரயில் பாலத்தை மூடிவிட்டு, பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. தீவுக்குள் ரயில் வராததால், பாம்பனில் இருக்கும் நாங்கள் பஸ்ஸில் மண்டபம் போய், அங்கிருந்து ரயிலேறித்தான் மதுரைக்குப் போகவேண்டும். அப்படித்தான் ஒரு நாள் நானும் என் கணவரும், மதுரையில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரைத் தேடிப் போனோம். இதோடு எல்லாம் போதும், இனி எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தானாக வயதுக்கு வந்தவள் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொருவராகச் சடங்காகி, தாவணியும் வளையலுமாகப் பள்ளிக்கூடம் திரும்பியபோது நான் மட்டும் அப்படியே இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் சமயத்தில் அம்மா என்னை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் மாதவிலக்கு வரும், நிறுத்தினால் நின்றுவிடும். அது போதும் என்று எனக்குச் சடங்கு செய்து, சில வருடங்களில் கல்யாணமும் செய்துவைத்தார்கள்.

என் கணவருக்கு நான் கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன். ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். "மாத்திர கடையில கெடைக்குதுல்ல, அப்பறம் என்ன?" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

குழந்தைக்காக நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. முட்டை வளர மாத்திரை கொடுப்பார்கள். ஸ்கேன் பார்ப்பார்கள். வளரவில்லை என்பார்கள். அடுத்த மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். மறுபடியும் அதே பதில். கடைசியாக ஓரிடத்தில், "உங்க முட்டைப்பை சின்னதா சுருங்கிக் கிடக்கு. அதுல இனி ஒண்ணும் வராது. வேற ஒரு பெண்ணோட முட்டைய தானமா வாங்கித்தான் முயற்சி பண்ணணும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுக்கும் ரோட்டுப் பாலத்தில் என் கணவரும் வேனை ஓரம்கட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மறுபடி வண்டியை எடுத்தார். அதற்கப்புறம்தான், இன்னொருவரிடமும் ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று அவர் என்னை மதுரைக்கு வற்புறுத்திக் கூட்டிப் போனார்.

அந்த மருத்துவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்கள் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளையெல்லாம் நிதானமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சுக்கொடுத்தார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கருவாட்டு வியாபாரம் என்றேன். சிரித்துவிட்டார். "எங்க வீட்ல கருவாடு வறுத்தா தெருவுக்கே தெரிஞ்சுபோயிடும். நீங்க எல்லாம் எப்படித்தான் அந்த வாசத்துலயே இருக்கீங்களோ?"

"எனக்குத் தெரியாது டாக்டர். எனக்கு மூக்குல எந்த வாசமும் ஏறாது" என்றேன், சாதாரணமாக.

அவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "ஜலதோஷம் வந்தப்பறம் அப்படி ஆச்சா?"

"இல்ல டாக்டர், பொறந்ததுல இருந்தே. எங்க அய்யாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது."

எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கை. பால் திரிந்துவிட்டதா, அடுப்பில் ஏதும் தீய்கிறதா என்று பார்க்க அம்மாவைத்தான் கூப்பிடவேண்டும். அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா கருவாட்டு லாரியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார். இந்தத் தொழிலுக்கென்றே கடவுள் தனக்கு இப்படி ஒரு மூக்கைக் கொடுத்திருக்கிறார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார். சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, அதுபோல எங்களுக்கு வாசம் வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அக்காவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

என் கணவர்தான் மெதுவாகச் சொன்னார், "அவங்க வாழாம வந்துட்டாங்க டாக்டர்."

அதன்பிறகு அவர் எங்களுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொன்னார். குழந்தை வயிற்றில் உருவாகும்போது, வாசனையை அறியும் நரம்புகளும், முட்டைப்பையை வேலை செய்யச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு அனுப்பும் செல்களும் மூக்குப் பக்கத்தில்தான் தோன்றுமாம். அங்கிருந்து ஒன்றாகவே மூளைக்குப் போய்ச் சேருமாம். சில குடும்பங்களில் ஒரு மரபணுவில் இருக்கும் கோளாறால் அவை வழியிலேயே நின்றுவிடும். வாசமும் தெரியாது, உத்தரவும் போகாது. அதே கோளாறு ஒருவருக்கு மூக்கோடு நின்றுவிடும், இன்னொருவருக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

"உங்க முட்டைப்பை கெட்டுப்போகலம்மா. உத்தரவு வரலன்னு சும்மா கெடக்கு. இத்தன வருஷமா நீங்க சாப்பிட்ட மாத்திரை மூளையைத் தட்டி உத்தரவு போட வைக்கிற மாத்திரை. அங்க உத்தரவு போட ஆளில்லாதப்போ அது என்ன பண்ணும்? உங்களுக்கு வேணுங்கிறது ஊசி. அந்த உத்தரவையே நேரா ஊசியில ஏத்திடலாம்" என்றார்.

ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாக நிறுத்தி, "அடுத்த தடவை அக்காவையும் கூட்டிட்டு வாங்க. இந்த உத்தரவு போகாத உடம்புல எலும்பும் தேஞ்சுபோகும். அவங்க எலும்பு எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்" என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு சாதாரணக் கூடையைத் தூக்கப்போய் அக்காவின் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தோம்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் காலத்தில் யாரும் அவளை டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. சில பெண்களுக்குத் தாமதமாகும் என்றார்கள். ராமேஸ்வரம் கோயிலின் தீர்த்தங்களில் எல்லாம் அம்மா அவளைக் குளிக்கவைத்துக் கூட்டிவந்தாள். பத்தொன்பது வயதிலும் ஒன்றும் நடக்காமல் போகவே, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு, வயதுக்கு வந்துவிட்டாள் என்று பொய் சொல்லித் திருவாடானைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அந்த வீட்டு ஆட்கள் அவளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, தெருவே கேட்கும்படி பேசிவிட்டுப் போனார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அக்கா யார் வீட்டு விசேஷத்துக்கும் போனதில்லை. அய்யாவின் கருவாட்டுக் களத்தில்தான் பகல் முழுவதும் இருப்பாள்.

அம்மாவைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். அக்கா வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று, காய்ந்துகொண்டிருந்த மீன் பாழாகிவிடுமே என்று அம்மா வெளியில் வந்து அள்ளிப்போட்டாளாம். அதனால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே அம்மாவும் அதை நம்பிவிட்டாள். அடுத்து நானும் அப்படியே ஆனதும், கோபம் வரும்போதெல்லாம் அய்யாவும் அதைச் சொல்லிக் காட்டுவார். நான் மதுரைக்குப் போவதற்கு இரண்டு வருடம் முன்பு அம்மா இறந்துபோனாள்.

நான் அக்காவைக் கூப்பிடக் களத்துக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையால் நெத்திலியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய எதுக்குத்தா கூப்புடுறாக? நான் என்ன புள்ள பெறவா போறேன்?"

"எலும்பு பாக்கணுமாம் அக்கா. இப்பிடியே விட்டா அடுத்து இடுப்பெலும்பு ஒடிஞ்சுரும்னு சொல்றாங்க."

"ஒடிஞ்சா ஒடியட்டும். யாரு இருக்கா தூக்கிச் சுமக்க?"

"நான் இருக்கேன்" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வாரக் கடைசியில் ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினாள்.

மதுரையில் அக்காவுக்கு எலும்பைப் பார்த்துவிட்டு, வயிற்றையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யலாம் என்றார் டாக்டர். நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் திரையில் ஓரிடத்தைக் காட்டி, "இந்தா பாருங்க, இதுதான் கர்ப்பப்பை. சின்னதா இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

"யாருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"உங்களுக்குத்தாம்மா."

"எனக்கு இருக்கா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. தனக்கு அப்படி ஒன்றே கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். டாக்டர் மறுபடியும் காட்டி, இது கர்ப்பப்பை, இது ஒரு முட்டைப்பை, இது இன்னொன்று என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா தலையைத் திருப்பி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சிக்குப் போடப்போற ஊசிய எனக்கு அப்பவே போட்டிருந்தா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஸ்கேன் கருவியைக் கீழே வைத்தார். பொய் சொல்லிவிட மாட்டாரா என்று நான் வேண்டிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "குழந்தை பிறக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்மா. இப்ப அந்த வயசு தாண்டிருச்சு. ஆனா உங்க எலும்பைக் காப்பாத்தணும். அதுக்கு மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடணும்" என்றார்.

திரும்பி வரும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பரமக்குடி தாண்டி, ராமநாதபுரம் தாண்டி, ரயிலில் கூட்டம் குறைந்துவிட்டது. உச்சிப்புளி வரும் நேரம், வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அந்த வீட்ல என்னைய பொம்பளையே இல்லன்னு சொன்னாக. நானும் நெசம்தான்னு நம்பிட்டேன்த்தா." என் கணவர் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

டாக்டர் கேட்டபடி அக்காவின் ரத்தத்தையும் அய்யாவின் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். முடிவுகள் வந்தன. எனக்கு இருந்த அதே மாற்றம் அக்காவின் ரத்தத்திலும் அய்யாவின் ரத்தத்திலும் இருந்தது. அய்யாவுக்கு அது மூக்கோடு நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நானும் கணவரும் யோசித்தோம். ரத்தம் கொடுத்தவர் முடிவைக் கேட்காமல் இருப்பாரா? அவரே கேட்டார். சொன்னேன்.

அய்யா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப ஒங்க அம்மா கிரகணத்துல வந்ததுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லையா ஆத்தா?" என்றார்.

"ஒண்ணும் இல்லய்யா. இதுல யாரு மேலயும் தப்பு இல்ல. ஒங்க மேலயும் இல்ல."

"அவள எம்புட்டுப் பேசிருக்கேன்" என்றார். "அவ இருக்கையில இது தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அய்யா அழுதார். அம்மா இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் தன் மூக்கைப் பற்றிப் பெருமை பேசியதில்லை.

எனக்கு ஊசி ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு நர்ஸ் இருந்தார். தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். என் கணவர் விடியுமுன்பே சவாரிக்குப் போய்விடுவார். அதனால் அக்காதான் கூட வருவாள். ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும் என்று சொன்னதும், அதிலிருந்த மீனையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கழுவித் துடைத்து, மருந்துக்கென்று ஒரு தட்டை ஒதுக்கிவிட்டாள். நர்ஸ் வீட்டு வாசலில் நின்று, "வலிச்சுச்சா?" என்று மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்பாள்.

எத்தனையோ மாத்திரைக்கு அசையாத முட்டைப்பை ஊசிக்கு அசைந்தது. முட்டை வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் திரையில் காட்டியபோது என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சில மாதங்களில் நான் கர்ப்பமானேன். அக்கா என்னை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை.

மூன்றாவது மாதத்தில் அது கலைந்துவிட்டது.

இப்படி ஆவது உண்டு, ஊசி வேலை செய்கிறது என்பதே பெரிய விஷயம், மறுபடியும் முயற்சி செய்யலாம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். தலை வாரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தனக்காக ஒரு நாளும் அழாத அக்கா எனக்காக அழுதாள். அடுப்படியில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.

அப்படி இருந்த நாட்களில் ஒரு காலையில் அய்யா வீட்டிலிருந்து அக்கா வந்தாள். எப்போதும் நேராக உள்ளே வருகிறவள், அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. கீழே விழுந்துவிட்டாளோ, மறுபடி எலும்பு முறிந்துவிட்டதோ என்று பயந்து நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏத்தா" என்றாள் மெதுவாக. "எனக்கு வந்திருச்சு."

எலும்புக்காக டாக்டர் கொடுத்த மாத்திரையில் மாதவிலக்கும் வரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். என் துக்கத்தில் நான் அதை மறந்தே போயிருந்தேன். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தலையில் பாதி நரைத்துவிட்டது. துணியை எப்படி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். தங்கச்சியிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றாள்.

நான் எழுந்தேன். அவளுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்து, சொல்லிக் கொடுத்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அடுப்புப் பக்கம் போகிறேன். உளுந்து மாவு இருந்தது, கருப்பட்டி இருந்தது. நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டினேன். எங்கள் பக்கம் வயதுக்கு வந்த பிள்ளைக்கு அதைத்தான் கொடுப்பார்கள். எனக்கு அம்மா கிண்டிக் கொடுத்தாள். அக்காவுக்கு யாரும் கொடுத்ததில்லை.

தட்டில் போட்டு, நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு என்னவென்று புரிந்துவிட்டது. "இதெல்லாம் எதுக்குத்தா இப்ப?" என்றாள். ஆனால் தட்டைத் தள்ளவில்லை. ஒவ்வொரு உருண்டையாக எடுத்து மெதுவாகச் சாப்பிட்டாள். நடுவில் ஒரு உருண்டையை என் வாயில் ஊட்டினாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. எனக்கு வந்துவிட்டுப் போன குழந்தைக்காக நானும், தனக்கு வராமலே போன எல்லாவற்றுக்குமாக அவளும், அந்த ஒரு தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம். அழுது முடித்து, தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அந்த நாளுக்குப் பிறகுதான் எனக்கு மறுபடியும் ஊசி போட்டுக்கொள்ளத் தெம்பு வந்தது. அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டேதான் சுற்றுகிறாள். எங்களிடம் இருக்கும் அந்த மாற்றம் இவளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வயது வரும்போது கூட்டிவாருங்கள், நேரத்தோடு மருந்து கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

இதே நிம்மதி என் அம்மாவுக்குக் கிடைத்திருந்தால் அக்காவின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா கடற்கரைப் பக்கம் நடந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது, அதே நிமிடத்தில் வலிக்கவும் செய்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை.